விடிந்தால் வியாழன்

07/05/2019.

இது என்ன தேதி? யோசிக்காமல் சொல்லுங்கள்.

'மே ஏழு' என்று சொன்னால் நீங்கள் நம்ம ஆள். 'ஜூலை ஐந்து' என்று சொன்னால் நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள். அல்லது உங்கள் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டர் தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. என்னுடையது அந்த ரகம். அது எனக்குத் தெரியவந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பி.காம். ஆகவே வீட்டுக் கணக்கு என் தலையில். கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், பாலிசி, வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றி, கெடு தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். பழைய டைரியிலிருந்து புது லாப்டாப்புக்கு மாறின பெருமை வேறு. (புது என்றால் எனக்குப் புதுசு. ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டாக வாங்கினது.) அதன் முந்தைய சொந்தக்காரர் யாரோ, செட்டிங்கில் நாடு என்கிற இடத்தில் அமெரிக்கா என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. யார் ஸார் போவார்கள்?

அப்பாவின் மெடிக்கல் பாலிசி மே 7-ல் புதுப்பிக்க வேண்டியது. 07/05/2019 என்று அடித்தேன். எக்ஸெல் அதை ஜூலை 5 என்று வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதை என்னிடம் சொல்லவில்லை. திரையில் அதே 07/05 மாதிரிதான் தெரிந்தது. தேதிவாரியாக அடுக்கும்போது மட்டும் பாலிசி இரண்டு மாசம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூட ஃபீஸ் கெடு 25/05/2019. அமெரிக்கக் கணக்கில் 25-வது மாசம் கிடையாதே? அதனால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஒப்புக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்து என்றால் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும். தேதி என்றால் வலது ஓரம். ஆக, என் பட்டியலில் பாதி இடது பக்கம், பாதி வலது பக்கம். கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த அளவுக்குக் கையைக் காலை ஆட்டிச் சொல்லியிருக்கிறது, 'ஐயா, ஏதோ தப்பு' என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து வலது பக்கமாக ஒழுங்குபடுத்தினேன். இருந்த ஒரே சாட்சியையும் என் கையாலேயே ஒழித்தேன்.

கம்பெனிக்காரர்கள் நினைவூட்டல் மெசேஜ் அனுப்பாமல் இருப்பார்களா? அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவின் பழைய நம்பருக்கு. அந்த நம்பரை மாற்றிக் கொடுத்த புண்ணியவானும் நான்தான்.

ஜூலை 2-ம் தேதி, 'இன்னும் மூணு நாள் இருக்கு' என்று நிதானமாகப் பணம் கட்டப் போனேன். முப்பது நாள் சலுகைக் காலமும் ஜூன் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது என்றார்கள். புது பாலிசி எடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற வியாதிகளுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. அப்பாவுக்கு பிபி, ஷுகர் இரண்டும் உண்டு. மூன்று வருஷம் கட்டிக் காத்திருந்தது போச்சு.

2020 பிப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்தார்கள். பில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மனைவியின் வளையலும் நெக்லஸும் பாங்க் லாக்கருக்குப் போயின. எங்கள் லாக்கர் இல்லை, பாங்கின் லாக்கர்.

அப்பா கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, பேப்பர் படித்துக்கொண்டே, "மே மாசம்னு நான் சொன்ன ஞாபகம்ப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அப்பா முப்பத்தைந்து வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். '2019-ம் ஆண்டு மே மாதம் 7-ம் தேதி' என்று முழுசாக எழுதுவாரே தவிர, வெறும் எண்ணும் கோடுமாக ஒருநாளும் எழுதமாட்டார். "நாளைக்கு ஒருத்தன் கோர்ட்ல வேற மாதிரி படிக்கக் கூடாது பாரு" என்பார். அவருக்குப் பிறந்த பிள்ளை நான்!

* * *

அந்த லாக்டவுனில் வேறு வேலை இல்லாததால், இனி எக்ஸெலை நம்புவதில்லை, சொந்தமாக ஒரு ப்ரோகிராம் எழுதி கெடு தேதிகளை அதில் ஏற்றி, போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி செய்வது என்று சபதம் எடுத்தேன். குரு, என் மச்சினன். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் உயிர் வரும்.

அவன் சொன்ன முதல் பாடம் இது. "மாமா, 07/05/2019-ங்கிறது தேதியே இல்ல. வெறும் பத்து எழுத்து. ஸ்ட்ரிங். அதைத் தேதியாக்கறதுக்குப் பேர்தான் பார்ஸ் பண்றது. எப்படிப் படிக்கணும்னு நீங்க சொல்லலைன்னா மெஷின் அதுவா ஒண்ணு நினைச்சுக்கும்."

"நினைச்சுக்கறது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தாலும் தேதி வருமே. அதுதான் மாமா பிரச்னை. எர்ரர் வந்தா சந்தோஷப்படணும்."

எனக்கு அந்த இடது ஓரத்து 25/05 ஞாபகம் வந்தது.

எப்படிப் படிப்பது என்று சொல்வதற்கு ஒரு ஃபார்மட் கொடுக்கவேண்டும். அதில் நாள், மாசம், வருஷத்துக்கு ஒவ்வோர் எழுத்து. இங்கேயும் கண்ணிவெடி உண்டு. பைதானில் சின்ன 'எம்' என்றால் மாசம், பெரிய 'எம்' என்றால் நிமிஷம். ஜாவாவில் நேர்மாறு. பெரிய எம் மாசம், சின்ன எம் நிமிஷம். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர் பாவம், வருஷத்தில் பாதி நாள் மாசத்தின் இடத்தில் நிமிஷத்தைப் பார்க்கவேண்டியதுதான். ஜாவாவில் வருஷத்துக்குச் சின்ன 'ஒய்' போடவேண்டிய இடத்தில் பெரிய 'ஒய்' போட்டால் இன்னும் விசேஷம். அது வாரக் கணக்கில் பார்க்கிற வருஷம். பதினோரு மாசம் ஒழுங்காக ஓடி, டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் திடீரென்று அடுத்த வருஷத்தைக் காட்டும். 2019 டிசம்பர் 30-ஐ 2020 டிசம்பர் 30 என்று அச்சடிக்கும். டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். யார் டிசம்பர் 30-ல் டெஸ்ட் பண்ணுகிறார்கள்? எல்லோரும் லீவ்.

ஜாவாஸ்க்ரிப்டில் மாசம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஜனவரி 0, மே 4. ஆனால் நாள் மட்டும் ஒன்றிலிருந்து. ஏன் என்று மச்சினனைக் கேட்டேன். "அந்தக் காலத்து ஜாவாலேர்ந்து அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க மாமா" என்றான். பரீட்சை ஹாலில் நாம் பார்க்காததா? முன் சீட்டுக்காரன் தப்பும் சேர்ந்து வரும்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் சேர்த்து 1988-லேயே ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஐ.எஸ்.ஓ. 8601 என்று பெயர். முதலில் வருஷம் நாலு இலக்கம், அப்புறம் மாசம், அப்புறம் நாள். 2019-05-07. பெரியதிலிருந்து சின்னது. எழுத்தாகவே அடுக்கினாலும் தேதி வரிசையில் வந்து நிற்கும். என் பட்டியலை அப்படி மாற்றி எழுதினேன். மாற்றும்போது பார்த்தால், பாலிசி தவிர இன்னும் நாலு தேதி தலைகீழாக இருந்தது. ஒன்று எங்கள் கல்யாண நாள். (இதை மனைவி படிக்காமல் இருக்கவேண்டும்.)

* * *

தேதி சரி. அடுத்தது நேரம்.

அப்பாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. தவறக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ப்ரோகிராமில் '20.00' என்று போட்டேன். இந்திய நேரம் என்று டைம்ஸோனும் சொன்னேன். மெசேஜ் அனுப்புகிற மெஷின் எங்கோ வெளிநாட்டில், வாடகைக்கு எடுத்தது. அதன் கடிகாரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரத்தை அதற்கு மாற்றிக்கொண்டு, சரியான நிமிஷத்தில் மெசேஜ் வரவேண்டும்.

முதல் நாள் மெசேஜ் 7.37-க்கு வந்தது.

அடுத்த நாளும் 7.37. அதற்கடுத்த நாளும். "உன் கம்ப்யூட்டருக்கு என்னப்பா அவசரம்? சாப்பாடே ஆகலியே" என்றார் அப்பா.

ஐந்தரை மணி வித்தியாசம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஒரு மணி என்றாலும் சரி. இதென்ன 23 நிமிஷம்? கேஷ் டாலி ஆகாத அக்கவுண்டன்ட் மாதிரி இரண்டு ராத்திரி முழித்தேன். கடைசியில் அகப்பட்டது. ஆள் கல்கத்தாவில் இருந்தார். அதுவும் 1854-க்கு முன்னாடி!

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நேரப் பஞ்சாங்கம் இருக்கிறது. எந்த ஊரில் எந்த வருஷம் கடிகாரம் எப்படி இருந்தது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் ஆரம்பித்துவைத்தார். உங்கள் போனில்கூட இது இருக்கிறது. அதில் இந்தியாவுக்கென்று இருப்பது ஒரே ஒரு பெயர். 'ஏஷியா/கொல்கத்தா'. 1970-லிருந்து கடிகாரம் ஒன்றாக ஓடுகிற பிரதேசத்துக்கு ஒரு பெயர் போதும், அங்கே பெரிய ஊராகப் பார்த்து வைத்துவிடு என்பது அவர்கள் வழக்கம். ஆக, மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தாலும் நாம் கொல்கத்தாதான்.

அந்தப் பெயருக்குள் அந்த ஊரின் முழு ஜாதகமும் இருக்கிறது. முதல் வரி, சூரியனைப் பார்த்து மணி சொன்ன காலத்து கல்கத்தா நேரம். கிரீன்விச்சைவிட 5 மணி 53 நிமிஷம் முந்தி. அப்புறம் மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிஷம். கடைசியாகத்தான் 1906 ஜனவரி 1-ல் வந்த நம் ஐந்தரை. பைதானில் பல வருஷம் எல்லோரும் உபயோகித்த ஒரு டைம்ஸோன் லைப்ரரி உண்டு. அதைச் சரியான வழியில் கூப்பிடாமல் நேராகத் தேதியோடு ஒட்டவைத்தால், ஜாதகத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுத்துவிடும். நான் நேராக ஒட்டவைத்தவன். அப்பா தினமும் ராத்திரி கல்கத்தாவின் எட்டு மணிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து ஐம்பத்து மூன்றிலிருந்து ஐந்து முப்பதைக் கழியுங்கள். இருபத்து மூன்று. டாலி!

(2020-ல் வந்த பைதான் 3.9-லிருந்து இந்த வசதி மொழிக்குள்ளேயே ஒழுங்காக இருக்கிறது. நேராக ஒட்டவைக்கலாம். புதிதாக எழுதுகிறவர்கள் அதையே உபயோகியுங்கள்.)

தேடப்போன இடத்தில் மெட்ராஸைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கு வானிலை மையம் இருக்கிறதே, 'அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்' என்று அறிவிப்பார்களே, அந்த வளாகத்தில்தான் 1792-ல் மெட்ராஸ் வானாய்வகம் வந்தது. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் அங்கே உட்கார்ந்து மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு நேரத்தை நிர்ணயித்தார். பின்னால் ரயில் வந்தபோது, பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்ததால் டைம்டேபிள் போடமுடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்த மெட்ராஸ் நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. லாகூர் ஸ்டேஷனில் நின்றவரும் மெட்ராஸ் நேரம் பார்த்துத்தான் வண்டி ஏறியிருக்கிறார். 1906-க்குப் பிறகும் கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் 'எங்க டைம் எங்களுக்கு' என்று பிடிவாதமாக இருந்தார்கள். நாம்தான் நல்ல பிள்ளையாக ஐந்தரைக்கு மாறிவிட்டோம்.

* * *

மாத்திரை விஷயம் சரியானதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. குடும்பத்துப் பிறந்த நாள், திதி, கெடு எல்லாவற்றையும் ஒரு பக்கமாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். நியூஜெர்ஸியிலிருந்து தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, அப்பா பொறந்த நாள் பதினாலா, பதிமூணா?"

"பதினாலுடி. இதுகூடத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணா. நீ போட்டதுல பதிமூணுன்னு இருக்கே."

என் திரையில் பதினாலு. அவள் திரையில் பதிமூன்று. ஒரே பக்கம், ஒரே எழுத்து!

மச்சினன் சிரித்தான். ஜாவாஸ்க்ரிப்டிடம் வெறும் '2021-05-14' என்று கொடுத்தால், அது யு.டி.சி.யில் நள்ளிரவு என்று படித்துக்கொள்ளும். அப்புறம் பார்க்கிறவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நமக்கு அது காலை ஐந்தரை. நாள் மாறாது, அதனால் தப்பு தெரியாது. நியூஜெர்ஸியில் அது முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. போயிற்று ஒரு நாள். கோடுக்குப் பதில் சாய்வுக் கோடு போட்டு '2021/05/14' என்று எழுதினால் பொதுவாக உள்ளூர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கோடு நிமிர்ந்து நிற்பதற்கும் படுத்துக்கொள்வதற்கும் ஒரு நாள் வித்தியாசம், ஸார்!

கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிறவர்கள் இந்தத் தப்பில் தப்பித்துவிடுவோம். ஆனால் நமக்கென்று ஒன்று திருப்பி வைத்திருக்கிறார்கள். நம் நள்ளிரவை யு.டி.சி.க்கு மாற்றினால் முந்தின நாள் மாலை 18.30. மச்சினனின் பழைய ஆபீஸில், ஊழியர் சேர்ந்த தேதியைக் காலண்டரில் தட்டித் தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். தட்டினது ஏப்ரல் 1. உள்ளே போனது மார்ச் 31, 18.30. பின்னால் வந்தவர் 18.30-ஐ வெட்டிவிட்டு மார்ச் 31-ஐ மட்டும் வைத்துக்கொண்டார். நான் பி.காம் என்பதால் சொல்கிறேன், இது ஒரு நாள் தப்பு இல்லை. ஒரு நிதியாண்டு தப்பு. எங்கேயாவது கணக்கில் 18.30 என்று தனியாக நிற்பதைப் பார்த்தால் யாரோ இந்தியன் நள்ளிரவைத் தொலைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அதேபோல எந்த பில்லிலாவது '01-01-1970, காலை 5.30' என்று பார்த்தால் பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர்கள் பலவும் நேரத்தை 1970 ஜனவரி 1, யு.டி.சி. நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணி வைக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை, பூஜ்யம், என்றால் அந்த முதல் வினாடியைக் காட்டும். நமக்கு அது காலை ஐந்தரை. பால்காரர் வருகிற நேரத்தில் நம் காலம் ஆரம்பிக்கிறது. 1970 ஜனவரி 20 வாக்கில் ஒரு தேதி வந்தால் அது வேறே தப்பு. வினாடிக் கணக்கை மில்லி வினாடி என்று படித்திருக்கிறார்கள்.

நேரத்துக்குப் பின்னால் 'ஐ.எஸ்.டி.' என்று மூன்றெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அது இந்திய நேரம் மட்டுமில்லை. இஸ்ரேல் நேரத்துக்கும் அதே எழுத்து, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே எழுத்து. போஸ்ட்கிரெஸ் என்ற பிரபலமான டேட்டாபேஸ், நீங்கள் தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் ஐ.எஸ்.டி.யை இஸ்ரேல் என்றே எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி மீட்டிங் மதியம் ஒன்றரைக்குப் போகும். (சில ஆபீஸ்களில் எப்படியும் ஒன்றரைக்குத்தான் ஆரம்பிக்கும், அது வேறு விஷயம்.)

"அப்ப மூணெழுத்து வேணாம், பேசாம ஐந்தரையைக் கூட்டிடலாமே?" என்றேன். கணக்கன் புத்தி. நம்மூருக்கு மட்டும் என்றால் சரி. இலங்கை 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குத் தாவி, அதே அக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 2000-ம் வருஷத்துக் கொழும்பு ரசீதில் காலை ஒன்பது என்றால் சென்னையில் எட்டரை. சிங்கப்பூர் 1982 புத்தாண்டு வரை ஏழரை, பிறகு எட்டு. தங்கை ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் அவளுக்குக் கோடையில் காலை ஒன்பதரை, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து எட்டரை. ஒரு நவம்பரில் அப்பா வீடியோ கால் முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவளானால் அவள் ஊர் ஒன்பதரைக்குக் கூப்பிட்டாள். ஆகவே கூட்டல் கழித்தல் எண்ணை எழுதிவைக்காமல் ஊர்ப் பெயரை எழுதிவைத்தால், கணக்கைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எனக்கு இதிலெல்லாம் புரிந்த முக்கியமான விஷயம் வேறு. தங்கையின் பதிமூன்றாம் தேதிக்கு மருந்து, சரியாக மாற்றுவது இல்லை. மாற்றாமலே இருப்பது.

அப்பாவின் பிறந்த நாள் பதினாலு என்றால் நியூஜெர்ஸியிலும் பதினாலு, சந்திரனிலும் பதினாலு. அதற்கு மணியும் கிடையாது, நிமிஷமும் கிடையாது. பாலிசி கெடுவும் அப்படித்தான். அதை நள்ளிரவு என்று மெஷின் பிடிவாதம் பிடிப்பதால்தான் ஊர் விட்டு ஊர் போகும்போது நழுவுகிறது. அதை வெறும் தேதியாகவே வைத்துக்கொள்ளவேண்டும். பணம் கட்டின நேரம் அப்படியல்ல. அது உலகத்துக்கே பொதுவான ஒரு கணம். யு.டி.சி.யில் எழுதிவைத்துவிட்டுப் பார்க்கிறவர் ஊருக்கு மாற்றிக் காட்டலாம். மாத்திரை இரண்டும் இல்லை. அப்பா எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர்ச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணி. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி பத்து எழுத்து. எது எது என்று மெஷினுக்குத் தெரியாது. எழுதுகிறவன் சொல்லவேண்டும்.

நம் ஆட்கள் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணி முகூர்த்தம் என்றால் பத்திரிகையில் வெறுமே 'வியாழக்கிழமை' என்று போடமாட்டார்கள். 'புதன் இரவு விடிந்தால் வியாழன்' என்று போடுவார்கள். பஞ்சாங்கக்காரருக்குச் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். கடிகாரக்காரருக்கு நள்ளிரவிலேயே அடுத்த நாள். இரண்டு பேரும் மண்டபத்துக்கு ஒரே நேரத்தில் வந்துசேரவேண்டுமே! ரயில்வே டிக்கெட்டில் இந்த ஒரு வரி இல்லை. எட்டாம் தேதி 00.10 வண்டி என்றால் ஏழாம் தேதி ராத்திரியே ஸ்டேஷனில் இருக்கவேண்டும். எட்டாம் தேதி ராத்திரி பெட்டி படுக்கையோடு போய் டி.டி.ஆரிடம் சண்டை போட்டவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் பெரிய மாமா.

புது பாலிசியின் கெடு ஜூலை 10. ப்ரோகிராமில் '2020-07-10' என்று வெறும் தேதியாகப் போட்டு, ஒரு மாசம் முன்னாடியே மெசேஜ் வருகிற மாதிரி வைத்தேன். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. காத்திருப்புக் காலம் எல்லாம் முடிந்து, இப்போது அப்பாவுக்கு பிபியும் ஷுகரும் பாலிசிக்குள் வந்துவிட்டன. வளையல் மீண்டது. நெக்லஸ் மீள்வதற்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

அந்த 23 நிமிஷத் தப்பைச் சரிசெய்த அன்று ராத்திரி, கையில் போனோடு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சரியாக எட்டு. டிங் என்று மெசேஜ். ஒரு வினாடி முன்பின் இல்லை. தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

"மாத்திரையா? ஏழு முப்பத்தேழுக்கே போட்டுட்டேன்ப்பா. நீ பழக்கிவிட்டதுதானே" என்றார் அப்பா.